உஷ் அண்ணனும் ஒரே ஒரு சிவப்புக் கண்ணாடியும்

சத்தம் என்ற ஒன்றை இந்த உலகத்திலிருந்தே ஒழித்துக்கட்டப் பிறந்தவர் உஷ் அண்ணன். அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்றுவிடுவார்.

கீழச்சிவல்பட்டியில் விடுதியாக மாற்றப்பட்ட ஒரு பெரிய வீட்டுக்கு நான் மேனேஜர். எட்டு வருஷமாக மோட்டார், விருந்தாளிகள், முதலாளி என்று மல்லுக்கட்டி அலுத்துப்போனவன். இது போதாதென்று மயில்கள் வேறு. மாடி ஜன்னல் வளைவுகளில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி இதழ்கள் உண்டு. அதில் தன் உருவத்தைப் பார்த்துவிட்டு, எவனோ போட்டிக்கு வந்திருக்கிறான் என்று மயில் கொத்தும். உடைந்ததைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். மறுநாள் சாக்கோட்டையிலிருந்து மொபெட்டில் உஷ் அண்ணன் வந்து இறங்குவார்.

அவருடைய ரெக்ஸின் பையில் முனையில் கடுகளவு வைரம் வைத்த கட்டர், ஒரு பழைய குறடு, ஒரு புட்டி மண்ணெண்ணெய் இவ்வளவுதான் இருக்கும். கட்டரால் கோடு இழுத்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினால் கண்ணாடி பிரியும். ஓரத்துப் பிசிறைக் குறடால் எலி கொறிப்பதுபோல் கொறித்தெடுப்பார்.

"கோடு சரியா விழுதான்னு காதாலதான் பாக்கணும் தம்பி. சர்ர்னு வந்தா நல்ல கோடு. கரகரன்னு வந்தா உடைஞ்சுபோகும். அதுனால ஒருத்தரும் பேசாதீக," என்பார்.

ஆரம்பத்தில் பேச்சை மட்டும்தான் நிறுத்தச் சொன்னார். போன வருஷத்திலிருந்து கோரிக்கை ஏறிக்கொண்டே போனது. முதலில் மிக்ஸி, பிறகு மோட்டார், பிறகு வீட்டிலுள்ள மின்விசிறி அத்தனையும். ஒருநாள் கோயில் ஒலிபெருக்கியைப் பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். அவர்கள் நிறுத்தியும் விட்டார்கள். அதற்கு நான் யார் யாரிடம் கெஞ்சினேன் என்பதை விடுங்கள். அவ்வளவு செய்தும் போன தடவை வரிசையாக மூன்று பச்சைக் கண்ணாடி உடைந்தது. சமையல்கார முத்தையா கரண்டியைக் கீழே போட்டதுதான் காரணம் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து முத்தையா அவருக்கு டீ கொடுப்பதில்லை.

போன மாதம் மயில் கொத்தியது ஒரு சிவப்பு இதழை. அந்தப் பழைய சிவப்பில் ஸ்டோர் ரூமில் ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். சென்னையிலிருந்து முதலாளி போனில் சொல்லிவிட்டார்: "இதுவும் உடைஞ்சா அந்த ஆளை அனுப்பிடுங்க. எல்லா ஜன்னலுக்கும் கலர் ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்."

இதை அண்ணனுக்குப் படத்தோடு எழுதியே அனுப்பியிருந்தேன். வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டை அடக்கினோம். விருந்தாளிகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அண்ணன் கழிவுக் கண்ணாடியில் வெள்ளோட்டமாக ஒரு கோடு இழுத்தார். அப்போதுதான் அவர் பைக்குள்ளிருந்த போன் அம்மன் பாட்டு பாடியது, திருவிழா சத்தத்தில். எல்லோரும் அவரையே பார்த்தோம்.

அண்ணன் கோட்டை இழுத்து முடித்து, நிமிர்ந்து, திருப்தியாகச் சொன்னார்: "இப்பிடித்தான் இருக்கணும். ஈ எறும்பு சத்தம் இல்லை பாருங்க."

பாட்டு இரண்டாவது சரணத்தில் இருந்தது.

எல்லோரையும் டீ குடிக்கக் கீழே அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு, பையைத் திறந்து, போனை எடுத்து அவர் கண்ணுக்கு நேராக நீட்டினேன். விடுபட்ட அழைப்பைப் பார்த்ததும் கட்டரைக் கீழே வைத்தார்.

"ஒரு வருசமாச்சு தம்பி," என்றார். "வலது காது சுத்தமா போச்சு. இடதுல கொஞ்சம் கேட்டுச்சு, இப்ப அதுவும் இல்ல. மத்த சத்தமெல்லாம் நின்னா கோட்டுச் சத்தமாவது கேக்குமான்னு பாத்தேன். முத்தையா மேல அநியாயமா பழியப் போட்டுட்டேன். வெளிய சொல்லிறாதீக. காது கேக்காதவனை எவன் கண்ணாடி அறுக்கக் கூப்பிடுவான்?"

அவர் முகத்துக்கு எதிரே நின்று நிறுத்தி நிதானமாகக் கேட்டேன்: "நான் கேட்டுச் சொல்லட்டுமாண்ணே?"

பின்னால் நின்று அவர் தோளில் கை வைத்துக்கொண்டேன். கரகரத்தால் அமுக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. சிவப்பு மேல் கட்டர் இறங்கியது. சர்ர். வளைவு திரும்புகிற இடத்தில் லேசாகக் கரகரப்பு. அமுக்கினேன். அவர் கை உடனே இளகியது. மறுபடி சர்ர். அடியில் இரண்டு தட்டு. இதழ் முழுசாகக் கையோடு வந்தது.

ஸ்டிக்கர் பேச்சு அதோடு நின்றது. இப்போது அவர் வந்தால் வீடு முழுக்க "உஷ், உஷ்" என்று அலைபவன் நான்தான்.

"அவருதான் அப்பிடின்னா, உங்களுக்குமா பிடிச்சிருச்சு?" என்கிறார் முத்தையா, அண்ணனுக்கு டீ ஆற்றிக்கொண்டே. கண்ணாடி உடைந்தது கரண்டியால் இல்லை என்று அண்ணனே அவரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

மயில் மறுபடியும் வரும். வரட்டும். எனக்கு முட்டி வலிக்கிறது, முதுகு வலிக்கிறது, இந்த வேலையே அலுத்துவிட்டது. ஆனால் காது இரண்டும் நன்றாக இருக்கிறது. அண்ணனுக்கு அது போதும்.