ஆளில்லாத பூட்டு

ஒரு பூட்டு மிச்சமிருந்தது.

சைட் இன்ஜினீயர் பஞ்சநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். காற்றாலைக் கோபுரத்தின் அடியில், மெயின் சுவிட்சின் கம்பியில், பெயர் எழுதாத பித்தளைப் பூட்டு ஒன்று தொங்கியது. மேலே ஏறுகிறவன் தன் பூட்டை இங்கே மாட்டிவிட்டு, சாவியை ஜேபியில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். இறங்கி வந்து அவனே திறக்க வேண்டும். பூட்டு தொங்கினால் மேலே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். ஆள் இருக்கும்போது இறக்கையைச் சுற்றவிட்டால், அவனைக் கீழே கொண்டுவர ஏணி வேண்டாம், சாக்கு போதும்.

ஆனால் ஏறியவர்கள் எல்லோரும் இறங்கி, தத்தம் பூட்டைத் திறந்துகொண்டு போய், திறப்பு விழாப் பந்தலில் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது யாரு பூட்டுய்யா?"

பதிலுக்குச் செல்போன்தான் அடித்தது. சென்னையிலிருந்து மேனேஜர்.

"பஞ்சநாதன், அமைச்சர் கீழ்வேளூரைத் தாண்டியாச்சு. அவர் பட்டனை அமுக்கறப்போ காத்தாடி சுத்தணும். சுத்தலைன்னா நாளையிலேருந்து நீங்க வேலை தேடிச் சுத்துவீங்க."

பஞ்சநாதனின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது.

"எல்லாரும் அவங்கவங்க சாவியைப் போட்டுப் பாருங்க. எதாவது ஒண்ணு சேரும்" என்றார்.

எதுவும் சேரவில்லை. மெக்கானிக் நடராசனின் சாவி மட்டும் பாதி உள்ளே போய், அங்கேயே ஒடிந்து நின்றது.

"நல்லாருக்கு. இனிமே பூட்டுக்காரனே வந்தாலும் தெறக்க முடியாது" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் பஞ்சநாதன். "ராசு, நீ மேல ஏறி ஒரு எட்டு பாத்துட்டு வாடா."

ராசு நாகூர்க் கரையில் படகோட்டிகள் வீட்டுப் பையன். புயல் காற்றில் பாய்மரம் ஏறியவன் என்று அவனே சொல்லிக்கொள்வான். தன் பூட்டையும் மாட்டிவிட்டு, விசிலடித்துக்கொண்டு ஏணியில் ஏறினான். இருட்டுக் குழாய்க்குள் விசில் மெலிந்துகொண்டே போனது. பிறகு பாதியில் அறுந்தாற்போல நின்றது.

திரும்பி வந்தபோது அவன் ஏணியில் இறங்கவில்லை, வழுக்கிக்கொண்டு வந்தான். இடுப்பு வாரில் மாட்டியிருந்த கொக்கி மட்டும் இல்லாவிட்டால் மொத்தமாகவே வந்திருப்பான்.

"மேல ரூம்ல யாருமில்ல சார். ஆனா அந்த மூக்கு இருக்குல்ல, றெக்கையெல்லாம் வந்து சேருமே, அதுக்குள்ளேருந்து டொக்கு டொக்குன்னு சத்தம் வருது. யாரோ முனகுறாங்க. ராகமா முனகுறாங்க சார்!"

"கூப்பிட்டுப் பாத்தியா?"

"கூப்பிட்டா சத்தம் நின்னு போவுது. திரும்பி நடந்தா மறுபடி ஆரம்பிக்குது. அத்தர் வாசனை வேற."

"சரி, மொதல்ல உன் பூட்டைத் தெற."

ராசு ஜேபியைத் தடவினான். வந்த வேகத்தில் சாவி எங்கோ விழுந்துவிட்டது. ஒரு பூட்டு இப்போது இரண்டானது.

வெளியே மைக்கில் கட்சிப் பாட்டு அலறியது. அதையும் மீறிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து, தெளிவாக, டொக், டொக் என்று கேட்டது. 

நடராசன்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "காயாரோகணம் சார்."

அந்தப் பெயரை யாரும் பஞ்சநாதனுக்கு விளக்க வேண்டியதில்லை. கோபுரம் நிற்கும் இந்த மண்ணைக் குத்தகைக்கு உழுதவர். குத்தகைப் பதிவு தன் பெயரில்தான் என்று மிராசுதார்மேல் கேஸ் போட்டு, வாய்தா வாய்தாவாக நடந்து, தீர்ப்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர். மிராசுதார் மறுமாதமே நிலத்தைக் கம்பெனிக்கு விற்றார். 'என் மண்ணுல எது நட்டாலும் நான் விட மாட்டேன்' என்று கோர்ட்டு வாசலில் காயாரோகணம் மண்ணை வாரித் தூற்றியதை ஊரே பார்த்திருந்தது.

"அவரு சுருட்டுக்காரராச்சேய்யா. அத்தர் ஏது?"

"போன எடத்துல பழகியிருப்பாரு சார்."

எலுமிச்சம்பழம் நறுக்கிப் போட்டார்கள். சத்தம் நிற்கவில்லை. சூடம் ஏற்றினார்கள். மேலே யாரோ நன்றாகவே தும்மினார்கள். ராசு வெளியே ஓடிப் பந்தலில் சொல்லிவிட்டான். சற்று நேரத்தில் காயாரோகணத்தின் பங்காளிகள் மாலையோடு வந்து, ஆள்தான் மேலே குடியிருக்கிறாரே, பட்டாவை அவர் பெயருக்கே மாற்றிக் கொடுங்கள் என்று தாசில்தாரைப் பிடித்துக்கொண்டார்கள்.

தூரத்தில் அமைச்சரின் கார் சைரன் கேட்டது. நடராசன் இரும்பு வெட்டும் கட்டரை நீட்டினார்.

பஞ்சநாதன் கை வைக்கவில்லை. வேலை போனால் கல்யாணம் நிற்கும். பூட்டை வெட்டி, மேலே நிஜமாகவே ஓர் ஆள் இருந்துவிட்டால்? பேயோ பிசாசோ, பூட்டு தொங்குகிறவரை சுவிட்சைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். இடுப்பு வாரைக் கட்டிக்கொண்டு, தானே ஏறிப் பார்ப்பதென்று ஏணியில் காலை வைத்தார். 

"சார்" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. முக்காடு போட்ட பெண்ணொருத்தி, கையில் தூக்குவாளியோடு நின்றாள். "அந்தப் பித்தளைப் பூட்டு என்னோடதுங்க. காலையில நான்தான் மாட்டினேன்."

"நீ யாரும்மா?"

"சஃபியாங்க. எங்க வூட்டுக்காரருக்காகப் போட்டேன். அவரு நல்லாருக்கணும்னு..."

அவள் முடிப்பதற்குள் ராசு தொடையில் தட்டிச் சிரித்தான். "அட, நேர்த்திப் பூட்டு சார்! தர்கா கம்பியில மாட்டுவாங்கல்ல, அது மாதிரி! நம்ம ஆளுங்க பூட்டு மாட்டுறதப் பாத்துட்டு இதுவும் ஏதோ வேண்டுதல்னு நெனச்சிடுச்சு!"

பஞ்சநாதனுக்கு உயிர் திரும்பி வந்தது. வாரைக் கழற்றி எறிந்தார். சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்தது. சத்தமா? இரும்புக் குழாயில் காற்று புகுந்தால் தும்மவும் செய்யும், ராகமும் போடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"வெட்டுய்யா ரெண்டையும்!"

பூட்டுகள் விழுந்தன. அவரே சுவிட்சை மேலே தள்ளினார். பச்சை விளக்கு எரிந்தது. மேடைக்கு ஓடி, பொன்னாடைக்குள் புழுங்கிக்கொண்டிருந்த அமைச்சருக்குப் பட்டனைக் காட்டினார். அமைச்சர் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, போட்டோக்காரருக்காகச் சிரித்தபடி காத்திருந்தார்.

பின்னாலேயே வந்த சஃபியா, பஞ்சநாதனின் சட்டை முனையை மெல்ல இழுத்தாள்.

"கூலிக்கு ஆயில் தொடைக்க ஏறுறவங்களுக்கெல்லாம் பூட்டு கெடையாது, யாரு கூப்பிட்டாலும் சத்தம் காட்டக்கூடாதுன்னு காண்ட்ராக்டர் சொல்லிட்டாருங்க, அதான் வூட்டுப் பூட்டையே கொண்டாந்து மாட்டினேன், நீங்கதான் எடுத்துட்டீங்களே, அந்த மூக்குக்குள்ளேருந்து அவரை எறங்கி வரச் சொல்லுங்க சார், சோறு ஆறுது."