கேட்காமலே தெரிந்தவர்

ஊருக்கு ஊர் ஒரு பிராணி உண்டு, கேட்காமலே தெரிந்தவர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாயைத் திறக்கும்போதே "தெரியும், தெரியும்" என்று கையைக் காட்டி அடைத்துவிட்டு, நீங்கள் சொல்ல வந்ததை உங்களுக்கே விளக்குவார். டாக்டர் நாடி பிடிக்குமுன் வியாதியைச் சொல்வார், குருக்களுக்கு மந்திரம் எடுத்துக் கொடுப்பார், இன்றைக்கு மழை இல்லை என்பார். பெய்தால்? தப்பு மழையுடையது.

மலாய் நாட்டுக் காஜா பெராங் ஊரில் அந்த உத்தியோகம் பார்த்தவர் கருணாகரன். வயது நாற்பத்தாறு.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த மறு வருஷம் சனமெல்லாம் பிரஜா உரிமைச் சீட்டுக்கு ஓடியது. பக்கத்து வீட்டில் ஆப்பம் சுட்டு விற்ற ருக்மணியக்காள் தனிக்கட்டை. சீட்டு இல்லையென்றால் கப்பலேற்றி விடுவார்களோ என்று அவளுக்குத் தூக்கமில்லை. அவளை நெடுநாளாகத் தெரியும் என்று ஒரு பிரஜை கையெழுத்துப் போட வேண்டும். கருணாகரன் மார்பைத் தட்டிக்கொண்டார். அவருக்குச் சீட்டு எதற்கு? இதே தெருவில் பிறந்தவர். அதுவும் சாதாரணமாகவா பிறந்தார்? அன்றைக்கு அடைமழை, தெருவெல்லாம் வெள்ளம், மருத்துவச்சி சம்பான் படகில் வந்தாள். பக்கத்தில் நின்று பார்த்தவர்போலச் சொல்வார். சொல்லும்போதெல்லாம் அக்காள் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். "தெரியும்க்கா" என்று கை எழும்பும்.

சந்தை மலாய் ஆபீஸில் செல்லாது, அரண்மனை மலாய்தான் வேண்டும் என்று பயமுறுத்தி, நாட்டின் பதினொரு மாநிலப் பெயர்களையும் மூன்று வாரம் அவளுக்கு உருப்போட வைத்தார்.

மலாய்க்கார அதிகாரி கேட்டதோ, ஆப்ப மாவுக்கு எத்தனை தேங்காய் என்று. அக்காள் சந்தை மலாயில் வெளுத்து வாங்கினாள். அப்புறம் அவர் சாட்சியின் பக்கம் திரும்பிப் பிறப்புப் பத்திரம் கேட்டார்.

பத்திரமெல்லாம் கிடையாது, நான் இங்கேயே பிறந்தவன் என்று கருணாகரன் சிரித்தார்.

"எப்படித் தெரியும்?"

நாற்பத்தாறு வருஷத்தில் யாரும் அவரைக் கேட்காத கேள்வி. யோசித்துப் பாருங்கள், தான் பிறந்ததைத் தானே பார்த்தவன் உலகத்தில் எவன்? மழையைச் சொன்னார். சம்பானைச் சொன்னார். இதையெல்லாம் யார் உனக்குச் சொன்னது என்றார் அதிகாரி. செத்துப்போன அம்மா சொன்னாளா? சொன்னதாக நினைவில்லை. தாமே சொல்லித்தான் கேட்டிருக்கிறார்.

அதிகாரி அக்காளைக் கேட்டார், இவரை எத்தனை நாளாகத் தெரியும் என்று. உண்மையைச் சொன்னால் சாட்சி போச்சு. பொய் சொல்லி அகப்பட்டால் சீட்டே போச்சு. அக்காள் முந்தானையைத் திருகினாள்.

"கப்பல்லேர்ந்தே தெரியும் துவான். நாகப்பட்டணத்துல ஏறுனப்ப இவனுக்கு ஒரு வயசு. ஏழு நாளும் என் மடியிலதான் வாந்தி எடுத்தான்."

வரிசையில் பின்னால் நின்ற துணிக்கடை ஹனீபா, பத்திரம் உள்ளவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளுக்குக் கையெழுத்துப் போட்டார். அக்காளுக்குச் சீட்டு உறுதியாயிற்று.

வாசலுக்கு வந்ததும் கருணாகரன் முனகினார், "ஏன்க்கா, இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீ எங்கப்பா கேட்ட?"

மறு மாதம் கருணாகரனின் மனுவுக்கு ருக்மணியக்காள் சாட்சி. பெருவிரல் ரேகை வைத்தாள். அதிகாரி வேண்டுமென்றே மாநிலங்களைக் கேட்க, கருணாகரனுக்கு ஒன்பதுதான் வந்தது. மீதி இரண்டையும் அக்காள் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மனிதர் திருந்தினாரா? இப்போது, கப்பலில் அன்றைக்கு என்ன புயல், பாய்மரம் எப்படி ஆடியது என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார். அது நீராவிக் கப்பல் என்று சொல்ல அக்காள் வாயெடுத்தாள். கை எழும்பிவிட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆமாம், நீங்கள் எங்கே பிறந்தீர்கள்? கையைக் கீழே இறக்குங்கள் ஐயா. யாரையாவது கேட்டீர்களா?