சனிக்கிழமைக்கு ஒரு குறை

ரிவால்வரின் தோட்டா உருளையைக் கட்டைவிரலால் இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார் ஆர்விட். போன சனிக்கிழமை கிழவன் பல் மாதிரி ஆடிய உருளை இன்று அசையவே இல்லை.

“எப்படி இருக்கு?” என்று அடுப்படியிலிருந்து கேட்டார் மேவிஸ்.

“நல்லா இருக்கு” என்றார் ஆர்விட், துக்கம் விசாரிக்கும் குரலில்.

“நீங்க சொன்ன அன்னிக்கே டெல்பர்ட்கிட்ட கொடுத்துட்டேன். கச்சிதமா சரி பண்ணிட்டான்.”

டெல்பர்ட் அந்த ஊரில் துப்பாக்கி பழுதுபார்ப்பவன். அவன் கை விளங்காமல் போக என்று ஆர்விட் மனதுக்குள் வாழ்த்தினார்.

அது மேவிஸின் கணவர் க்ளென் இடுப்பில் மாட்டிக்கொண்டு முப்பது வருடம் ஷெரிப் உத்தியோகம் பார்த்த ரிவால்வர். க்ளென் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. கோதுமைக் கிடங்கு வாசலில் ‘விற்பனைக்கு’ என்று மேவிஸ் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துத்தான் ஆர்விட் வந்தார். கொட்டகையில் விரியன் தொல்லை என்று காரணம் சொன்னார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கி இருப்பதைச் சொல்லவில்லை.

முதல் வாரமே வாங்கியிருக்க வேண்டியது. ஆனால் மேவிஸ் காபி கொடுத்தார், சூடாக ஆப்பிள் பை கொடுத்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டிய காலத்தில் சீட்டுக்கடியில் ஆட்டுக்குட்டி ஒளிந்து வந்த கதையை ஆர்விட் சொன்னதும், மேவிஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த பிறகு டப்பா சூப்பைத் தனியாகக் குடித்தே காலம் தள்ளிய மனிதர் ஆர்விட். அந்தச் சிரிப்பை விட்டுவிட்டு வெறும் ரிவால்வரோடு வீட்டுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை.

“பழைய சாமான் பாருங்க, அவசரப்படக் கூடாது” என்று அன்றைக்கு எழுந்துகொண்டார்.

மறுவாரம் திருகாணியின் தலை மழுங்கியிருப்பதாகச் சொன்னார். மேவிஸ் அதை மாற்றிவிட்டார். அடுத்து குழலுக்குள் வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பார்த்து, அழுக்கு என்றார். அதுவும் பளபளவென்று வந்து நின்றது. போன வாரம் உருளை ஆட்டம். இப்படி அவர் குறை சொல்லச் சொல்ல, ரிவால்வர் புது மாப்பிள்ளை மாதிரி மெருகேறிக்கொண்டே வந்தது. குறையே இல்லை என்றால் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கிவிட்டால் சனிக்கிழமை ஏது?

கடைசி நம்பிக்கையாகச் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். உள்ளே தோட்டா இல்லை என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். ரப்பர் முனை உள்ளே போகும்படி பென்சிலைக் குழலுக்குள் விட்டு, கூரையைப் பார்க்கப் பிடித்து விசையை இழுத்தார். தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி பலமாக அடித்தால் பென்சில் துள்ளிக் குதிக்கும். முதல் வாரம் இதே பென்சில் கூரை விளக்கைத் தட்டிவிட்டுக் காபியில் விழுந்திருந்தது.

இன்று சும்மா ஒரு முக்கு முக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டது.

ஆர்விட்டுக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை. “அடடா, ஊசி சரியா அடிக்கலையே!”

“அப்படியா? ஐயோ பாவம்” என்ற மேவிஸ், அடுப்புப் பக்கம் திரும்பி நின்று ரொம்ப நேரம் காபி ஊற்றினார். “அப்போ அடுத்த சனிக்கிழமைதான் பார்க்கணும்.”

“ஆமா, வேற வழியில்ல.”

வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் வாசல் கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்துப் பண்ணை ராய்ஸ். உள்ளே வந்தவன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“கிடங்குல காகிதம் பார்த்தேன். க்ளென் துப்பாக்கின்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம். இப்பவே எடுத்துக்கறேன்.”

“ஊசி சரியில்லப்பா” என்றார் ஆர்விட்.

“அதெல்லாம் நான் பார்த்துக்கறேன் பெரியவரே.” அவன் பணப்பையை வெளியே எடுத்தான்.

“இவர் இன்னும் பார்த்து முடிக்கலை” என்றார் மேவிஸ்.

“ஒரு மாசமா பார்க்கறாராமே! பொண்ணு பார்க்கறவன்கூட இத்தனை தடவை வரமாட்டான்.”

ஆர்விட்டின் காது மடல் சிவந்துவிட்டது. இவன் வாங்கிப்போனால் ரிவால்வரும் இல்லை, காபியும் இல்லை. யோசிக்காமல் வாய் முந்திக்கொண்டது.

“நான் வாங்கிக்கறேன். இப்பவே, இந்த நிமிஷமே.”

ராய்ஸ் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டான். மேவிஸின் முகம் வாடிவிட்டது.

“ஊசி சரியில்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க?”

“பரவாயில்ல.”

“என்ன பரவாயில்ல? கெட்டுப்போனதை உங்க தலையில கட்டினேன்னு ஊர் பேசவா? அடுத்த வாரம் வந்து நிதானமா பார்த்துட்டு வாங்குங்களேன்.”

சந்தேகப் பிராணி என்று கோபித்துக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்த ஆர்விட், அவசர அவசரமாகப் பணத்தை மேசையில் வைத்தார். மேவிஸ் அதைத் தொடவில்லை. ரிவால்வரைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அன்றைக்குச் செய்த ஆப்பிள் பை இன்னும் முழுசாகத் தட்டில் இருந்தது. அதைச் சாப்பிடாமலே ஆர்விட் எழுந்துகொண்டார்.

“பாம்பைப் பார்த்து ஜாக்கிரதையா இருங்க” என்றார் மேவிஸ். வெளியே அக்டோபர் மாதக் குளிர் காற்று அடித்தது. பாம்புகளெல்லாம் வளைக்குள் போய் அடங்கிவிட்டன.

ஆர்விட் வண்டியை நேரே டெல்பர்ட் கடைக்கு விட்டார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட எரிச்சலில், ரிவால்வரை அவன் மேசையில் பட்டென்று வைத்தார்.

“வேலைக்காரனாடா நீ? எத்தனை தடவை உன் கைக்கு வந்திருக்கு, ஊசி அடிக்கலை பாரு!”

டெல்பர்ட் துணியைப் பிரித்தான். கைப்பிடியின் முன்பக்கத்தில் இருந்த சின்னத் திருகாணியைத் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

“ஊசியெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணே. அதுக்கு வேகம் கொடுக்கற ஸ்பிரிங்கைப் பிடிக்கற ஸ்க்ரூதான் தளர்ந்திருக்கு.”

“தானா தளர்ந்துச்சா?”

“தானா எங்க தளரும்? நான்தான் தளர்த்தினேன்.”

“ஏண்டா?”

டெல்பர்ட் கையில் எடுத்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

“நேத்து மேவிஸ் அக்கா வந்து சண்டை பிடிச்சாங்க அண்ணே. ‘நீ எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணித் தொலைச்சுட்டா அந்த மனுஷன் எதைச் சாக்கு வச்சு என் வீட்டுக்கு வருவார்? நாளைக்கு அவர் கண்டுபிடிக்க ஒரு குறையாவது வச்சுக் கொடு’ன்னு.”