கண்ணாடி இல்லாமல் வாசித்த கடிதங்கள்

மேற்குத் தாம்பரம்,
6-3-1988.

பெருமதிப்புக்குரிய மச்சான் தனசிங் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் தாவீது வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் நானும் ஜெயசீலியும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். அவ்விடம் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும், நம் பாத்திரக் கடையும், சுகமாயிருக்க அனுதினமும் ஜெபித்து வருகிறோம். எழுத்து தாறுமாறாகவும் வரி மேல் வரி ஏறியும் இருந்தால் தயவுசெய்து கோபிக்க வேண்டாம். எழுதுவதற்குக் கை பழகிவிட்டது, கண் வேண்டியதில்லை. எழுதினதை வாசிக்கத்தான் கண் வேண்டும். அது இப்போது என்னிடம் இல்லை.

நாகர்கோவிலுக்கே வந்து கடையில் கூடமாட இருக்கலாமே என்று தாங்கள் போன மாதம் எழுதியதை ஜெயசீலி வாசித்துக் காட்டினாள். வருஷா வருஷம் தாங்கள் கேட்பதும், போஸ்டாபீஸ் வாசலில் இருபத்திரண்டு வருஷமாக மேஜை போட்டு நாலு பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, வந்த கடிதத்தை வாசித்துக் காட்டிக் கௌரவமாய் இருக்கிறேன் என்று நான் பதில் போடுவதும் வழக்கம்தான். இந்தத் தடவை வந்துவிடுகிறேன். அந்தக் கௌரவம் போன கதையை ஒளிக்காமல் எழுதுகிறேன், அதற்குப் பிறகும் தங்களுக்கு நான் வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்றேன். ஊருக்குப் போகிற சனமெல்லாம் அங்கேதான் நின்றது. ஒருத்தர் தோளில் கரும்புக் கட்டோடு, யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினார். கரும்பும் அவரோடு திரும்பியது. என் கண்ணாடி பறந்து போய்க் கீழே விழுந்து, நான் குனிவதற்குள் ஒரு பஸ்ஸுக்கான கூட்டம் அதன் மேல் ஏறி இறங்கிவிட்டது. அவர் நல்ல மனுஷர், ரொம்ப வருத்தப்பட்டு ஒரு முழுக் கரும்பை என் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அதை ஊன்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் கண்ணாடிக் கடைக்காரர் என் பவர் சாதாரணப் பவர் இல்லை, செய்து வரவழைக்க வேண்டும் என்று ஒரு விலை சொன்னார். அந்தப் பணத்தில் எங்கள் வீட்டு அடுப்பு இரண்டு மாதம் எரியும். சரி, வாங்குகிறபோது வாங்கலாம் என்று, விரிசலோடு தப்பித்த ஒரு கண்ணை நூல் போட்டுக் காதில் கட்டிக்கொண்டேன். நாலாம் நாள் அது ரசத்தில் விழுந்து ஜெயசீலி கரண்டியால் எடுக்கையில் இரண்டாகிவிட்டது. நம்ம கோயிலில் மணியடிக்கிற கோயில்குட்டியாரின் கண்ணாடியை ஒரு நாள் இரவல் வாங்கினேன், தரை மேலே எழும்பி வந்து முட்டியது. பிளாட்பாரத்தில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி, வெயிலில் பிடித்துக்கொண்டு ஒருத்தருடைய மணியார்டர் பாரத்தை வாசித்தேன். பாரம் புகைந்துவிட்டது.

ஜெயசீலி அப்போதே சொன்னாள், கண்ணாடி வாங்குகிற வரைக்கும் மேஜை போடாதீங்க என்று. அவள் ஹாஸ்டல் சமையலுக்குக் காலையிலேயே போய்விடுவாள், அவளை உட்கார்த்தி வைத்து வாசிக்கச் சொல்லவும் வழியில்லை. ஆனால் மச்சான், எதிர்ப்பக்கம் தனக்கோடி என்று ஒருத்தன் புதிதாய் டைப் மிஷினோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். தாவீது சாருக்குக் கண் போச்சு என்று தெரிந்தால் என் ஆட்கள் எல்லாரும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதித் தருவதில் சங்கடம் இல்லை. வந்த கடிதத்தை வாசிக்கச் சொல்லி நீட்டும்போது என்ன செய்ய? இருபத்திரண்டு வருஷம் வாசித்தவனுக்குத் தெரியாதா, முக்கால்வாசிக் கடிதத்தில் இருப்பது ஒன்றுதான்: இங்கே எல்லாரும் சௌக்கியம், உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், மழை இல்லை. பேப்பரைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நானாகவே சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே நன்றாக வந்தது. சனங்கள் சந்தோஷமாகப் போனார்கள், கூட்டம் முன்னைவிடக் கூடியது. முடிச்சூர் மாரி என்று ஒரு கொத்தனார், அண்ணன்காரன் போட்ட கடிதத்தைக் கொண்டுவந்தான். தம்பியைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்று அண்ணன் எழுதியிருப்பதாக வாசித்தேன். மாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பலாப்பழத்தை வாங்கித் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனான். அண்ணன் எழுதியிருந்தது, வேலி விஷயமாக வக்கீலைப் பார்த்தாச்சு என்று. அது அண்ணன்காரனே பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே பழத்தை அறுத்து எல்லாருமாகத் தின்றார்களாம். இதெல்லாம் பார்த்து எனக்கும் பயம் விட்டுப் போச்சு மச்சான். தப்பு பண்ணுகிறோம் என்றே தோணலை.

கன்னியம்மா என்று ஒரு அம்மாள், மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். முன்னே கோவளத்தில் இருந்தாள், புருஷன் போன பிறகு இங்கே வந்து ஒரு குடிசை பார்த்துக்கொண்டாள். ஒரே மகள் எல்லம்மா, திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மகள் அஞ்சாவது வரை படித்தவள், தானே எழுதுவாள். தாயாருக்கு எழுத்து தெரியாது. குடிசைக்கு நம்பர் கிடையாது என்பதால் கடிதமெல்லாம் என் பெயர் போட்டு போஸ்டாபீஸ் வாசலுக்கே வரும். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. கன்னியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். அம்மாவுக்கு எல்லம்மா எழுதிக்கொண்டது, இங்கே எல்லாரும் சௌக்கியம், மாப்பிள்ளைக்கு வேலை நன்றாக நடக்கிறது, பையன் நடக்க ஆரம்பித்துவிட்டான். பொட்டப்புள்ளையாச்சே சார் என்றாள். கையெழுத்து அப்படி இருக்கிறது என்று சமாளித்தேன். அவள் சிரித்துக்கொண்டே லெட்டரை வாங்கி மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, நாலு சங்கரா மீனை இலையில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை ஜெயசீலி குழம்பு வைத்தாள். நல்லா இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. கார்டு என்றால் ரொம்பச் சின்னது, நாலே வரி போல மங்கலாகத் தெரிந்தது. அவ்வளவு குறைவாக எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. போஸ்ட்மேன் அப்பாதுரை பையோடு வெளியே வந்தார். கண்ணிலே தூசி, இதைக் கொஞ்சம் வாசியுங்கள் என்று கொடுத்துவிட்டேன். அவர் நின்றபடியே சத்தமாக வாசித்தார்.

"அம்மாவுக்கு எல்லம்மா. ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் வந்து கேட் பக்கத்தில் சாயங்காலம் வரைக்கும் இருந்தேன். குழந்தைக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். நீ வரவில்லை. உனக்கு என்ன கஷ்டமோ. நான் திரும்பி வந்துவிட்டேன். இனிமேல் தொந்தரவு கொடுக்க மாட்டேன்."

கன்னியம்மா அப்பாதுரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, ஆனால் என் பக்கம் திரும்பியிருந்தது தெரிந்தது.

"போன கடுதாசில இத்த நீ படிக்கலியே சார்" என்றாள்.

சுருக்குப் பையிலிருந்து அந்த இன்லண்ட் லெட்டரை எடுத்து அப்பாதுரையிடம் கொடுத்தாள். அவர் வாசித்தார். புருஷன் அடித்துக் கை வீங்கிக் கிடக்கிறது, இனிமேல் இங்கே இருக்க முடியாது, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் குழந்தையோடு வந்துவிடுகிறேன், நீ புதுசாய்ப் போயிருக்கிற வீடு எனக்குத் தெரியாது, ஸ்டேஷன் கேட்டாண்ட வந்து நில்லு. இவ்வளவுதான் எழுதியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை போஸ்டாபீஸ் லீவு, எல்லம்மா விசாரித்து வந்திருந்தாலும் என் மேஜை இருந்திருக்காது. ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நம்ம கோயில். நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மனப்பாடமாய்ப் பாடிக்கொண்டிருந்தேன் மச்சான்.

எனக்குக் கண் தெரியவில்லை, ஒரு மாசமாகத் தெரியவில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள், கூடையைத் தூக்கி என் தலையில் கவிழ்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் விடிந்ததும் வீட்டு வாசலில் நிற்கிறாள், வா, திண்டிவனத்துக்கு, அட்ரஸ் உனக்குத்தானே தெரியும் என்று.

போனோம். அது எப்பேர்ப்பட்ட பயணம் என்று கேட்டால், எனக்கு எழுத்து தெரியும், போர்டு தெரியாது. அவளுக்குப் போர்டு தெரியும், எழுத்து தெரியாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்வாள். மொத எய்த்து மொறம் மாதிரி கீது என்றாள், அது மதுராந்தகம், உட்கார் என்றேன். நத்தை மாதிரி சுருட்டிகினு கீது என்றாள், அது ஒலக்கூர். கடைசியில், ரெண்டு எய்த்து தலையில கொண்டை போட்டுகினு கீது சார் என்றாள். தியும் டியும். இறங்கினோம். வேறே யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

எல்லம்மா வீட்டில் அந்த ஆள் இல்லை, லாரி ஷெட்டுக்குப் போயிருந்தான். அவள் வாசலுக்கு வந்து தாயாரைப் பார்த்து வா என்றாள், அதோடு சரி. கை இன்னும் கட்டுப் போட்டிருந்தது. தாயார் பேசுவதற்கு முன்னால் நானே சொன்னேன், உங்கம்மா மேல குத்தம் இல்லம்மா, அந்தக் கடிதத்தை வாசிக்காமலே வாசித்தவன் நான்தான் என்று. அவளுக்கு முதலில் புரியவில்லை. இன்னா படிச்சீங்க என்று கேட்டாள். எல்லாரும் சௌக்கியம் என்று படித்தேன் என்றேன். அவள் திரும்பி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். இப்பவே கிளம்பு, நான் வந்துட்டேன்ல என்று கன்னியம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"அன்னிக்கு வர்றதுக்கு மூணு மாசம் மனசத் தேத்திகினேம்மா" என்றாள் எல்லம்மா. "நீ வர்லன்னதும் திரும்பி வந்து அந்தாளு கால்ல வுயுந்து உள்ள வந்தேன். இன்னொரு தபா என்னால முடியாது. நீ போ."

குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். சோறு போட்டாள். நாங்கள் சாப்பிட்டோம். சாயங்கால வண்டிக்கு எங்களைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டுத் திரும்பிப் போனாள். வண்டி செங்கல்பட்டு தாண்டியது. கன்னியம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "கண்ணு தெர்லன்னு சொல்லியிருந்தா நா வேற ஆளாண்ட போயிருப்பேன் சார். அவ்ளோதான." அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் மேஜையைப் போட்டேன், எழுதுவதற்கு இல்லை. வந்த ஒவ்வொருத்தரிடமும், பொங்கலுக்கப்புறம் நான் வாசித்த கடிதம் எதுவும் நிசமில்லை, எடுத்துக்கொண்டுபோய் எதிரே தனக்கோடியிடம் காட்டுங்கள் என்று மூன்று நாள் சொன்னேன். சிலபேர் திட்டினார்கள், அது எனக்கு வேண்டியதுதான். மாரி மட்டும், வேணாம் சார், நீ படிச்சதே இருக்கட்டும் என்று போய்விட்டான். நாலாம் நாள் மேஜையை மடித்து வீட்டில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இனிமேல் எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது மச்சான். மாசக் கடைசியில் நானும் ஜெயசீலியும் ரயிலேறி வருகிறோம். கடையில் எழுத்து வேலை மட்டும் கொடுக்காதீர்கள். வாசலில் உட்கார்ந்து வாங்க வாங்க என்று சொல்கிற வேலை போதும்.

அக்காவுக்கு என் தாழ்மையான ஸ்தோத்திரம். பிள்ளைகளைக் கர்த்தர் கண்மணி போலக் காப்பாராக. தங்கள் கடையில் ஒரு சொம்புக்கும் நெளிவு வராமல் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குப் பாத்திரமில்லாத மச்சான்,
தாவீது.

பின்குறிப்பு, 10-3-88: மச்சான், கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதற வேண்டாம். நான் சொல்லச் சொல்ல எழுதுவது எல்லம்மா. மேலே உள்ளதை எழுதித் தபாலில் போட மனசு வராமல் இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை பாசஞ்சரில் எல்லம்மா குழந்தையோடு வந்து இறங்கிவிட்டாள். திண்டிவனத்திலிருந்து திரும்பிய மறுநாளிலிருந்து கன்னியம்மா தினமும் அந்த வண்டி நேரத்துக்கு மீன் கூடையோடு ஸ்டேஷன் கேட்டில் போய் நின்றிருக்கிறாள்; வியாபாரம் கெட்டதைப் பற்றியோ எதைப் பற்றியோ யாரிடமும் சொல்லவில்லை. எப்படி மனசு மாறினாய் என்று எல்லம்மாவிடம் நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நேற்று அவளே வந்து மேஜை எங்கே சார் என்றாள். இப்போது அவள் வாசிக்கிறாள், நான் சொல்வதை எழுதுகிறாள், வருகிறதில் பாதி அவளுக்கு. ஆகவே நாகர்கோவிலுக்கு வருவதற்கில்லை, மன்னிக்கவும். வாங்க வாங்க என்று சொல்ல வேறே ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கும் இப்போது அவசரம் இல்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை.

சார், இது எல்லம்மா. இதுக்கு மேல நான் எழுதறது தாவீது சாருக்குத் தெரியாது. குறை இல்லைன்னு அவர் சொல்றதை நம்பாதீங்க. நேத்து ரோட்டுல ஒரு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, ஆட்டோன்னு நெனச்சு, மார்க்கெட்டுக்கு எவ்ளோன்னு கேட்டாரு. ராத்திரியில தூங்கறது இல்லைன்னு ஜெயசீலி அக்கா சொல்றாங்க. எங்கம்மா இன்னும் அவராண்ட பேசறதில்லை, ஆனா ஆள் விழுந்து கிழுந்து வைக்கப் போறாரு, ஊருக்கு எழுதுன்னு அதுதான் சொல்லிச்சு. முடிஞ்சா சீக்கிரம் ஒரு கண்ணாடிக்கு வழி பண்ணுங்க. அவர் கண்ணாடி போட்டுகினா எனக்கு இந்த வேலை இருக்குமோ இருக்காதோ, அதைப் பத்தி ஒண்ணும் இல்லை. எழுதினதைப் படிச்சுக் காட்டுன்னு கேட்டுகினே உக்காந்திருக்காரு. அவர் சொன்ன வரைக்கும் படிச்சுட்டு ஒட்டிடுவேன்.