வீட்டுக்கு ஒரு பொம்மை, ஆளுக்கு ஒரு செருப்பு

சிங்கப்பூரில் பொம்மை விற்றவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பொம்மையை விற்காமல் இருப்பதற்காகவே ஒரு கடை நடத்தியவர் பொதுவுடைமை அண்ணன் ஒருவர்தான்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. எந்தக் கடை எந்தக் கிழமை திறந்தது, எந்த மாதம் மூடியது என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டு வைத்துக்கொள்ளும் பழக்கமுள்ள எனக்கே தெரியவில்லை என்றால், லிட்டில் இந்தியா வட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கும் ஒரு சின்ன ஹோட்டலுக்கும் இடையில் செருகியதுபோல் இருந்தது அவர் கடை. தரை முதல் கூரை வரை பொம்மைகள். நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் அவர். கடையில் உட்கார வேறு இடம் கிடையாது. கர்ப்பிணி வந்தாலும், கால் உடைந்தவர் வந்தாலும், அண்ணன் எழுந்து இடம் கொடுத்ததாக வரலாறு இல்லை.

அவருடைய சட்டம் எளிமையானது. ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பொம்மை. அது எல்லோருக்கும் பொது. பக்கத்துத் தேநீர்க் கடையில் யாரோ ஒரு புண்ணியவான் அவருக்குப் 'பொதுவுடைமை' என்று பெயர் வைத்துவிட்டான்.

ஒருமுறை என் கண் முன்னாலேயே ஒருவர் மூன்று ரிமோட் கார்களைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"எத்தன பசங்க?" என்றார் அண்ணன்.

"மூணு."

"வீட்ல எத்தன ரூம்?"

"மூணு."

"முடிஞ்சுது. ஆளுக்கு ஒரு காரு, ஆளுக்கு ஒரு ரூமு. நாளைக்கு ஆளுக்கு ஒரு வீடு. நாளன்னிக்கு உங்க சாவுக்கு ஆளுக்கு ஒரு டாக்சில வருவாங்க. வச்சிட்டுப் போங்கண்ணே."

அந்த மனிதர் நல்ல நாளும் அதுவுமாகச் சாவைக் கேட்டுக்கொண்டு வெறுங்கையோடு போனார்.

சரி, ஒரே பொம்மைதான் என்று ஒப்புக்கொண்டாலும் உடனே கிடைத்துவிடாது. பத்து வயதுப் பிள்ளைக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஒன்றாகப் பிடிக்கும் பொம்மை எது? உலகத்தில் எல்லாப் பெற்றோரும் பண்டிகைக்கு முன் திணறும் இந்தக் கேள்விக்கு அண்ணன் ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். பிள்ளைகளின் இடது கால் செருப்பைக் கொண்டுவர வேண்டும்.

"வலது கால் அம்மா அப்பா பாக்கறாங்கன்னு ஒழுங்கா நடக்கும். இடது கால்தான் புள்ளையோட சொந்தக் கால்."

செருப்பைக் குப்புறப் போட்டு, கட்டைவிரலால் தேய்மானத்தைத் தடவிப் பார்ப்பார். முன்பக்கம் தேய்ந்திருந்தால் அவசரக்காரன். ஓரம் தேய்ந்திருந்தால் பிடிவாதம். பார்த்து முடித்ததும் செருப்பைத் திருப்பித் தரமாட்டார். நைலான் கயிற்றில் மாட்டிவிடுவார். பண்டிகை முடிந்து, பொம்மை வேலை செய்ததா என்று நேரில் வந்து சொன்னால்தான் செருப்பு விடுதலை. அந்தக் கயிற்றில் ஒற்றைச் செருப்புகள் வரிசையாகத் தொங்குவதைக் கண்டு ஒரு வெள்ளைக்காரச் சுற்றுப்பயணி விலை கேட்டதும், "நோ சேல், ஃபேமிலி ப்ராப்ளம்" என்று அண்ணன் சொன்னதும் ஜாலான் புசார் முழுக்கத் தெரியும்.

இந்தச் செருப்புச் சோதிடம் பலித்ததா என்றால், பாதி நாள் பலிக்காது. 'சாதுவான செருப்பு' என்று நம்பி ஒரு வீட்டுக்கு மேளம் விற்றார். அந்த அடுக்குமாடி புளோக்கில் மூன்று மாடிக்காரர்கள் கூடி வந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஆனால் அவரைப்போல் கவலைப்பட ஆளில்லை. விற்ற பிறகுதான் அவருக்கு வியர்க்கும். ஒருநாள் ஒரு தம்பதி பொம்மையோடு சாலையைக் கடந்துகொண்டிருக்க, பின்னாலேயே ஓடினார். "அண்ணே! சின்னவனுக்குக் கோவம் வந்தா எறிவானா? எறிவான்னா சொல்லிடுங்க!" விளக்கு மாறி, பேருந்து ஹாரன் அடித்தது. அவர் நடுச்சாலையில் நின்று பதிலுக்குக் காத்திருந்தார்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஏன் போனேன் என்று சொல்ல வேண்டும்.

ஈசூனில் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரே அறை. மகள் யாழினி அப்போது தொடக்கநிலை ஆறாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். மகன் அகிலனுக்கு நான்கு வயது. அதற்கு முந்தைய தீபாவளிக்கு ஆளுக்கொரு பொம்மை வாங்கிக் கொடுத்திருந்தேன். யாழினிக்கு உப்புப் படிகம் வளர்க்கும் அறிவியல் பெட்டி. அகிலனுக்கு லாரி. அக்கா வாரக்கணக்கில் வளர்த்த நீலப் படிகத்தை அகிலன் லாரியில் ஏற்றி, கழிவறையில் இறக்கி, தண்ணீரும் ஊற்றிவிட்டான். யாழினி அழவில்லை. மறுநாள் பள்ளி விட்டு வந்து அறையின் நடுவே தரையில் வெள்ளை டேப் ஒட்டினாள். சன்னலிலிருந்து கதவு வரை, ஒரே நேர்கோடு.

"இந்தப் பக்கம் என்னுது. அவன் வரக்கூடாது."

அன்றிலிருந்து தம்பி அவளுக்குத் தம்பி இல்லை, 'அவன்'. "அவன் சாப்ட்டானா?" "அவனத் தூங்கச் சொல்லுங்க." சின்னவன் கோட்டின் ஓரத்தில் உட்கார்ந்து லாரி ஓட்டுவான். கோட்டைத் தாண்டமாட்டான். அதுதான் என்னைக் கலக்கியது. தாண்டிச் சண்டை போட்டால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஜனவரியில் அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகப் போகிறாள். அப்புறம் பாடம், தோழிகள், கைப்பேசி. இந்தத் தீபாவளி விடுமுறையில் இரண்டு பேரும் ஒரே பொருளைத் தொட்டு விளையாடாவிட்டால், ஓர் அறைக்கு இரண்டு வாடகைக்காரர்கள் என்று ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு பயம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தீபாவளிக்கு முந்தைய வாரச் சனிக்கிழமை காலை கிளம்பினேன். கிழமையில் எனக்குச் சந்தேகமில்லை. என் மனைவி கலா புளோக்கின் கீழே மினிமார்ட்டில் கல்லாவில் வேலை பார்த்தாள். சனிக்கிழமைகளில்தான் அவளுக்கு மதிய ஷிப்ட். எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க, வாசல் செருப்பு அடுக்கிலிருந்து ஒரு சின்னச் செருப்பும் ஒரு நீலச் செருப்பும் எடுத்துப் பையில் போட்டேன். எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் இருந்தவர் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த இருக்கைக்கு மாறிக்கொண்டார்.

அண்ணன் அகிலனின் செருப்பைத் தடவினார். "முன்னாடி பூரா போச்சு. பிரேக் இல்லாத வண்டி. பரவால்ல, வயசு அப்படி."

பிறகு நீலச் செருப்பைத் திருப்பினார். முகம் மாறிவிட்டது.

"பன்னெண்டு வயசுன்னா சொன்னீங்க?"

"ஆமாண்ணே."

"குதிகால் ரெண்டு பக்கமும் சமமா அமுங்கியிருக்கு பாருங்க. இது நடந்து தேஞ்சது இல்ல. நின்னு தேஞ்சது." குரலைத் தாழ்த்தினார். "ஏண்ணே, இந்தப் பொண்ணு எதுக்கு இவ்ளோ நேரம் நிக்குது? ஸ்கூல்ல நிக்க வைக்கிறாங்களா?"

"தெரியலையே."

"தெரியலையா? அப்பாதானே நீங்க?"

"வீட்ல... கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாளோ என்னமோ."

"என்ன கோடு?"

சொன்னேன். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. துண்டால் துடைத்துக்கொண்டு மேலேயும் கீழேயும் பார்த்தார். ஒரு ரயில் பெட்டியைத் தொட்டார், விட்டார். மீன்பிடி விளையாட்டை எடுத்தார், வைத்தார். கடைசியில் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கேரம் பலகையை இழுத்தார்.

"முதல்ல இந்தப் பொண்ணு உக்காரணும். உக்காந்தாத்தான் எதுவும். இது நின்னுக்கிட்டு விளையாடற சாமான் இல்ல."

தீபாவளிக் கூட்டத்தில் லிட்டில் இந்தியா நிலையத்தில் கேரம் பலகையோடு ரயில் ஏறியவன் யாராவது இருந்தால் அவனுக்கு என் வணக்கம். நான் ஏறினேன். என்னைத் திட்டியவர்கள் யாருடைய முகமும் மனதில் பதியவில்லை. பள்ளியில் ஏன் என் மகளை நிற்க வைக்கிறார்கள்? வகுப்பு ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது? ஈசூன் வரும்வரை இதே யோசனை.

வாசலில் கலா நின்றிருந்தாள். ஒரு காலில் நீலச் செருப்பு. மறுகால் வெறுங்கால்.

"ரெண்டு மணிக்கு வேலைக்குப் போகணும். என்னோட இடது கால் செருப்பு எங்க?"

அடுக்கைப் பார்த்தேன். யாழினியின் நீலச் செருப்பு சோடியாக, பத்திரமாக இருந்தது. இரண்டு சோடி எடுத்தால் சலுகை என்று அம்மாவும் மகளும் ஒரே நிறத்தில் ஒரே நாளில் வாங்கியவை. மகளின் கால் அம்மாவின் கால் அளவுக்கு எப்போது வளர்ந்தது என்பது மட்டும் என் கணக்கில் விட்டுப்போயிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப என் செருப்பக் காட்டி எனக்குப் பொம்மை வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"உனக்கும் அகிலனுக்கும். ரெண்டு பேருக்கும் பொதுவா."

"நல்லா இருக்கு லா," என்று, வேண்டுமென்றே மகளுடையதை விட்டு என் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். படகு இரண்டு போவதுபோல் இருந்தது.

திங்கட்கிழமையே போய் மாற்றிவிடுகிறேன் என்றேன். "வேணாம், இருக்கட்டும்," என்றாள்.

நான் பயந்ததுபோலவே ஆயிற்று. யாழினி பலகையைப் பார்த்து, "அப்பா, சீரியஸ்லி? கேரம்லாம் அங்கிள்ஸ் விளையாடறது," என்றாள். அகிலன் அதன்மேல் லாரி ஓட்டினான். தீபாவளியன்று விருந்தாளிகள் வந்து, முறுக்கு தின்று, பலகையைப் பார்த்து "ஓ, கேரமா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாலை ஆகிவிட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் யாழினி கைப்பேசியோடு. இந்தப் பக்கம் அகிலன் லாரியோடு. கூடத்துக்கும் அறைக்கும் நான் நடந்துகொண்டே இருந்தேன். தோற்றுவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போது கலா பட்டுப்புடவையை மாற்றிவிட்டு வந்து, பலகையைத் தூக்கி, பிள்ளைகளின் அறையில் போட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வீட்டில் அதற்கு இடம் அங்கேதான் இருந்தது. சரியாகக் கோட்டின் மேல். பவுடரைத் தூவி, காய்களை அடுக்கி, தனியாக ஆட ஆரம்பித்தாள். டக். ஒரு காய் குழிக்குள். டக். இன்னொன்று.

"அம்மா, லைன் மேல வச்சிருக்கீங்க," என்றாள் யாழினி.

"ஆமா. உனக்குப் பாதி பலகை இருக்கு. வேணும்னா வா. பயமா இருந்தா வேணாம்."

"எனக்கென்ன பயம்?"

ஒரு காய்கூடப் போட முடியாமல் தோற்றாள். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் தோற்றாள். "அம்மா, நீங்க சீட்டிங் லா!"

"சீட்டிங்கா? கல்யாணத்துக்கு முன்னாடி சமூக மன்றத்துல என்கூட ஆட ஆம்பளைங்களே யோசிப்பாங்க. உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். நாள் கிழமையோடு எத்தனையோ தெரிந்துவைத்திருந்தும் இது தெரியாது. மினிமார்ட்டில் நாள் முழுக்க நிற்கும் அவள் தரையில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்றும் தெரியாது.

மூன்றாவது ஆட்டமும் போயிற்று. யாழினி உதட்டைக் கடித்துக்கொண்டு பலகையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தனியாக முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையைத் திருப்பாமல் கூப்பிட்டாள்:

"தம்பி, இங்க வா."

அகிலன் லாரியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். தன்னைத்தான் கூப்பிடுகிறாளா என்று அவனுக்குச் சந்தேகம். நான் தலையாட்டினேன்.

"இதுதான் ஸ்ட்ரைக்கர். அம்மாவ நாம பீட் பண்ணணும். எறியாத. தள்ளு."

அவன் முதலில் பவுடர் டப்பாவைக் கவிழ்த்தான். பலகை, தரை, அக்காவின் புதுப் பாவாடை எல்லாம் வெள்ளை. யாழினி பாவாடையைத் தட்டிவிட்டு, "பரவால்ல, ஆடு," என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தள்ளு தள்ளினான். ஸ்ட்ரைக்கர் எங்கெங்கோ முட்டி, சிவப்புக் காய் தானாக உருண்டு குழிக்குள் விழுந்தது.

வீடு அலறியது. சிவப்பைப் போட்டவனே அடுத்து இன்னொரு காயும் போட வேண்டும்; இல்லாவிட்டால் சிவப்பு பலகைக்குத் திரும்பிவிடும். நான்கு வயதுப் பையனால் அது நடக்காது.

"அவனுக்குப் பதிலா நான் போடலாமா?" என்றாள் யாழினி.

விதிப்படி கூடாது. ஆண்களை நடுங்கவைத்த ஆட்டக்காரி, "போடு," என்றாள்.

யாழினி போட்டாள். அந்த ஆட்டத்திலும் அவர்கள் தோற்றார்கள். ஆனால் தம்பியின் கையைப் பிடித்து எப்படிச் சுண்டுவது என்று காட்டிக்கொண்டிருந்தாள். தரையில் கொட்டிய பவுடரில் வெள்ளை டேப் எது, பவுடர் எது என்று தெரியவில்லை.

பண்டிகை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, செருப்பை மீட்க நான்கு பேரும் போனோம். கலா இன்னமும் என் செருப்பில்தான் வந்தாள். எங்களைப் பார்த்ததும் அண்ணனின் முகத்தில் பரீட்சை முடிவு பார்க்கும் பையனின் பீதி.

"சண்டை வந்துச்சா?"

"தினமும் அங்கிள்," என்றாள் யாழினி.

அண்ணன் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். "யாருக்கும் யாருக்கும்?"

"நானும் தம்பியும் ஒரு டீம். அம்மா ஒரு டீம். இன்னும் ஜெயிக்கல."

"அம்மாவா? அம்மா எங்கேருந்து வந்தாங்க?"

நான் உண்மையைச் சொன்னேன்.

"செருப்பு எடுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று அண்ணன் என்மேல் பாய்ந்தார். "ரெண்டு வாரமா ஸ்கூல்ல எந்த வாத்தியாரு இந்தப் பொண்ண நிக்க வைக்கிறான்னு தூக்கம் இல்லாம கிடக்கேன் நானு! படிச்சவரு பண்ற வேலையா இது?"

திட்டிக்கொண்டே கயிற்றிலிருந்து அகிலனின் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். நீலச் செருப்பைக் கயிறு முழுக்கத் தேடினேன். காணவில்லை.

"அது அங்க இல்ல," என்றார். கோபம் போய்க் குரலில் கொஞ்சம் கூச்சம் வந்திருந்தது. கடையின் நடுவே கை காட்டினார்.

அவருடைய சிவப்பு ஸ்டூலின் மேல், பழைய துண்டை மடித்து விரித்து, அதன்மேல் கலாவின் இடது கால் செருப்பு இருந்தது.

"ரொம்ப நின்ன செருப்பு. அதையும் கயித்துல தொங்கவிட மனசு வரல. அதான் உக்கார வச்சேன்."

கடையில் இருந்தது அந்த ஒரு ஸ்டூல்தான். அந்தத் தீபாவளி வியாபாரம் முழுவதையும் பொதுவுடைமை அண்ணன் நின்றுகொண்டே பார்த்திருக்கிறார்.