பார்க்கலாம், எடுத்துப் போகக் கூடாது

பத்திரப்படுத்திகள் என்று ஓர் இனம் உண்டு. இவர்களைப் பார்க்க வண்டலூர் மிருகக்காட்சி சாலை வரை போக வேண்டாம். அபிராமபுரத்தில் எந்த அடுக்குமாடியிலும் லிஃப்ட் கதவைத் திறந்தால் போதும், உள்ளே ஒருவர் நின்றுகொண்டிருப்பார். கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் வாங்கவே மாட்டான். பத்திரப்படுத்தி எல்லாவற்றையும் வாங்குவார், உயர்ந்த ரகமாகப் பார்த்து வாங்குவார், வாங்கியதற்கு ஓர் உறை போட்டு, உறை அழுக்காகாமலிருக்க அதற்கு மேல் இன்னோர் உறை போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஒரு பத்திரமான இடத்தில் வைத்து, அந்த இடத்தை மறந்துவிடுவார். அனுபவிப்பது மட்டும் அவர் வழக்கமில்லை.

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடி கல்யாணராமன் இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. வரவேற்பறையில் சோபா இருக்கிறது, சோபாவின் மேல் போர்வை, போர்வையின் மேல் துண்டு, துண்டின் மேல் நீங்கள். கண்ணாடி அலமாரியில் அழகான பீங்கான் கோப்பைகள். காபி வருவது எவர்சில்வர் டம்ளரில். டிவி ரிமோட் வாங்கிய நாளில் போட்டுவந்த பிளாஸ்டிக் உறைக்குள் இன்னும் மூச்சு முட்டிக்கொண்டு கிடக்கிறது. சானல் மாற்ற அவர் கட்டை விரலால் அதை அழுத்துகிற அழுத்தில் வேறொருவர் என்றால் தேங்காயே உடைத்துவிடுவார்.

தீபாவளி மலர்கள் எல்லாம் பைண்டு செய்து வைத்திருக்கிறார். இரவல் கேட்டுப் பாருங்களேன். முகம் மாறாமல் சொல்வார்:

"இங்கயே உக்காந்து படியுங்கோ. பார்க்கலாம், எடுத்துண்டு போகக் கூடாது."

இது அவருடைய குலமந்திரம். எதிர் வீட்டு ஆஃப்ரீன், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் பெண், ஒருநாள் இணையம் நின்றுபோய்த் தவித்து, "மாமா, ஒரு மணி நேரத்துக்கு உங்க வைஃபை பாஸ்வேர்டு குடுக்குறீங்களா?" என்று கேட்டாள். "பாஸ்வேர்டு வெளியில சொல்ற வழக்கமில்லைம்மா. லாப்டாப்பை இங்க எடுத்துண்டு வா, நானே போட்டுத் தரேன்" என்றார். போட்டார். போடும்போது அவளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். அவர் மனைவி வைதேகி சாம்பார்ப் பொடி அரைத்தால் மாடி முழுக்க மணக்கும். யாராவது பக்குவம் கேட்டால், "பொடி வேணா ஒரு கரண்டி கொடு, அளவு சொல்லாதே" என்று உள்ளேயிருந்து இவர் குரல் வரும்.

இப்படிப்பட்டவர் கையில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் டிவி பாக்ஸ் கிடைத்தால் என்ன ஆகும்? குரங்கு கள்ளும் குடித்து, தேளும் கொட்டிய கதைதான். பாக்ஸின் முதுகில் தன் கைக்காசில் வாங்கிய ஒரு டிரைவைச் செருகினார். அன்றிலிருந்து டிவி பார்ப்பதை நிறுத்திவிட்டார். பதிவு மட்டும்தான். மார்கழிக் கச்சேரி வந்தால் பதிவு. கும்பாபிஷேகம் வந்தால் பதிவு. யார் ஜெயித்தார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிட்ட கிரிக்கெட் மாட்ச், அதுவும் பதிவு. "ஏன் சார், பார்க்கலியா?" என்றால், "எங்க போயிடப் போறது? உள்ள பத்திரமா இருக்கு. நிதானமா பார்ப்போம்" என்பார். முட்டிவலி நிபுணர் ஒருவரின் பேட்டி வெகுகாலமாக உள்ளே இருந்தது. முட்டிவலியும் இருந்தது.

அந்த டிரைவில்தான் வைதேகியும் போய் மாட்டிக்கொண்டாள்.

ஒரு சானலில் விவாத நிகழ்ச்சி. 'சேமிப்பில் கெட்டிக்காரர்கள் கணவர்களா, மனைவிகளா?' கோயில் பஜனைக் கோஷ்டியோடு பார்வையாளராகப் போன வைதேகி கையில் யாரோ மைக்கைக் கொடுக்க, அவள் பேசிவிட்டாள். கூட்டம் கைதட்டியதாம். வீட்டுக்கு வந்து, "உங்களைப் பத்தித்தான் பேசினேன்" என்றாள். "பின்ன வேற யாரைப் பத்திப் பேசுவே? இந்த விஷயத்துல நம்மாத்தை மிஞ்ச ஆள் ஏது?" என்று அவர் மீசையில்லாத இடத்தை முறுக்கிக்கொண்டார்.

ஒளிபரப்பான அன்று பாலவாக்கத்தில் மருமான் வீட்டுக் கிரகப்பிரவேசம். "ஏன்னா, இருந்து பார்த்துட்டுப் போலாமா?" என்று அவள் கேட்டாள். "பதிவுக்குப் போட்டாச்சு, கிளம்பு" என்றார். மறுநாள் கேட்டாள். அடுத்த வாரம் கேட்டாள். "பத்திரமா இருக்குடி." அப்புறம் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஆனால் லிஃப்டில் பார்ப்பவர்கள் எல்லாம் இவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். நானும் சிரித்தேன். "வைதேகி பேசினதுலேந்து எனக்குன்னு தனி மரியாதை, கவனிச்சேளா?" என்றார் என்னிடம். கவனித்தேன் என்றேன். வேறென்ன சொல்வது?

அந்த மரியாதை தலைக்கேறியதில்தான் ஒரு முடிவுக்கு வந்தார். அவருக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. தி. நகரில் மண்டபம். அங்கே பெரிய திரை கட்டி, உறவு ஜனம் அத்தனை பேருக்கும் வைதேகி பேசியதைப் போட்டுக் காட்டுவது. முப்பத்தோரு வருஷத் தாம்பத்தியத்துக்கு இதைவிட ஒரு சான்றிதழ் உண்டா? திரைக்காரனுக்குச் சொல்லியாயிற்று. ஊருக்கெல்லாம் தண்டோராவும் போட்டாயிற்று. வைதேகி மட்டும், "திரையெல்லாம் எதுக்குன்னா?" என்று இழுத்தாள். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்து பாக்ஸுக்கு நோய் கண்டது. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பாதியில் உறைந்தது. பதறிப்போய்க் கம்பெனிக்குப் போன் செய்தார். ஒன்றை அமுக்கி, மூன்றை அமுக்கி, பாட்டுக் கேட்டு, கடைசியில் சுலோச்சனா என்கிற பெண் வந்தாள்.

"பாக்ஸை மாத்தித் தர்றோம் சார். ஆனா பழைய ரெக்கார்டிங் புது பாக்ஸ்ல ஓடாது."

"அப்போ அதை ஒரு பென் டிரைவ்ல காப்பி பண்ணிக்கறேன். எப்படின்னு சொல்லும்மா."

"காப்பி பண்ண முடியாது சார். பாதுகாப்புக்காக லாக் பண்ணியிருக்கு. கனெக்‌ஷன் இருக்கிற வரைக்கும், அதே பாக்ஸ்ல, எத்தனை தடவை வேணும்னாலும் பார்க்கலாம். எடுத்துட்டுப் போகத்தான் முடியாது."

கல்யாணராமன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். எங்கேயோ கேட்ட வசனம். எங்கே என்று பிடிபடவில்லை.

"என் ஆத்து பாக்ஸ்! என் டிரைவ்! என் பொண்டாட்டி! இதுல உங்க கம்பெனிக்கு என்னம்மா பாத்தியதை?"

"புரியுது சார். உங்கள் பொறுமைக்கு நன்றி."

ஒன்று சொல்லிவிட வேண்டும், நியாயம் அவர் பக்கம்தான். மாதம் தவறாமல் பணம் கட்டுகிறவர். அவர் கரண்ட்டில், அவர் டிரைவில், அவர் மனைவி பேசிய பேச்சு. அதில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்றால் என்ன அநியாயம் இது! கேசட் காலத்தில் ஒரு கல்யாண வீடியோ அம்பத்தூர் அத்தை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வரும். இன்றைக்குப் பத்து மடங்கு விலையில் வாங்கிய சாதனம், வாங்கியவனையே திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறது. கேட்டால் பாதுகாப்பாம். யாரிடமிருந்து? வைதேகியை அவள் புருஷனிடமிருந்தா?

டிரைவைக் கழற்றிக்கொண்டு பாண்டி பஜாருக்குப் போனார். திருநெல்வேலிப் பக்கத்து வடிவேலு அங்கே வீடியோ கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்து, "அண்ணாச்சி, உள்ள சரக்கு இருக்குங்கு. ஆனா என்னன்னு சொல்ல மாட்டேங்கு. அழிச்சிரட்டுமான்னு கேக்குல்லா" என்றார். கல்யாணராமன் பாய்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு மெக்கானிக் பிரபு வந்தான். பாக்ஸைத் திறந்து முகர்ந்து பார்த்தான்.

"இன்னிக்கோ நாளைக்கோ பூடும் சார். இப்ப ஓடிக்கினு கீது இல்ல? ப்ரோக்ராம போடு, செல்லுல அப்டியே புட்ச்சிக்கோ. மேட்டர் ஓவர்."

"என்னப்பா பேசறே? ஆத்துக்காரி பேசினதைத் திருட்டு விசிடி மாதிரி எடுக்கச் சொல்றியா? முறையா, கம்பெனி அனுமதியோட, சுத்தமான காப்பி வேணும் எனக்கு."

"இன்னா சார் நீ," என்று பிரபு தலையில் கை வைத்துக்கொண்டான்.

அன்று அவர் அதைப் போட்டிருந்தால், எடுக்காவிட்டாலும், பார்த்தாவது இருப்பார். போடவில்லை. பாக்ஸுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாமாம்! அதற்குப் பதில் கம்பெனிக்கு மெயில் மேல் மெயிலாகப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் தவறாமல் நன்றி வந்தது. நாலாவது நன்றி வந்த அன்று பாக்ஸ் கண்ணை மூடியது.

புது பாக்ஸ் வந்தது. டிரைவைச் செருகினார். 'இந்த டிரைவில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?' என்று திரையில் எழுத்து வந்தது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

"விடுங்கோன்னா. ஒரு டிவி ப்ரோக்ராம்தானே."

"நீ என்னைப் பத்திப் பேசினதுடி. ஒருதரம்கூடப் பார்க்காம போயிடுத்தே." நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வைதேகிக்கு மனசு கேட்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு கதவைத் திறந்து எதிர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஆஃப்ரீன், அன்னிக்கு உங்காத்து டிவில ஓடறச்சே செல்லுல எடுத்தியே, அதை மாமாவுக்குக் காட்டும்மா."

ஆஃப்ரீன் போனோடு வந்தாள். வந்தவள், "மாமி, நெஜமாவா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு போட்டாள். படம் கொஞ்சம் ஆடியது. நடுவில் குக்கர் விசில் அடித்தது. ஆனால் வைதேகியின் குரல் கணீரென்று கேட்டது.

"எங்காத்துல எல்லாமே பத்திரமா இருக்கு சார். ரிமோட்டுக்கு உறை, ஃப்ரிட்ஜுக்கு உறை. என் கூறைப்புடவையை முப்பத்தோரு வருஷமா பீரோல வெச்சுப் பூட்டியிருக்கார், கட்டிண்டா கசங்கிடுமாம். நானும் அந்தப் புடவையும் ஒரே நாள்லதான் இந்தாத்துக்கு வந்தோம். அதுக்காவது வருஷா வருஷம் பாச்சா உருண்டை போடறார். எனக்கு அதுவும் கிடையாது!"

போனுக்குள்ளே கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வைதேகி தரையைப் பார்த்தாள். ஆஃப்ரீன் மின்விசிறியைப் பார்த்தாள். கல்யாணராமன் கடைசி வரைக்கும், கைதட்டல் ஓயும் வரைக்கும் கேட்டார். காது மடல் சிவந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மா, இதை வேற யாரும் காப்பி எடுக்காதபடி பூட்டறதுக்கு ஏதாவது வழி இருக்கோ?"

"வழி இருக்கு மாமா," என்றாள் ஆஃப்ரீன் தயங்கியபடி. "ஆனா மாமி சூப்பரா பேசுனாங்கன்னு அன்னிக்கே நம்ம அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்ல போட்டுட்டேனே."

"அந்தக் குரூப்ல நான் இல்லையா?"

"இருக்கீங்களே. உங்க போன்லயும் இருக்கும் மாமா. நீங்கதான் தெறந்து பார்க்கல."

எடுத்துப் பார்த்தார். இருந்தது. வருகிற வீடியோவுக்கெல்லாம் போடுவதுபோல், நிதானமாகப் பார்க்க வேண்டியது என்று நட்சத்திரம் வேறு போட்டு வைத்திருந்தார்.

அறுபதாம் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. திரை இல்லை. கூறைப்புடவை வெளியே வந்தது. வைதேகி அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தபோது அரக்கு நிறம் அப்படிப் பளபளத்தது, எனக்கே சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் அறுபது வயது மாப்பிள்ளை அவள் காதில் என்னவோ சொன்னார். ஆசையாக ஏதோ சொல்கிறார் என்று பக்கத்தில் போய்க் கேட்டேன். "பார்த்து உக்காரு, கசங்கிடப் போறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், கொஞ்ச நாளாக லிஃப்டில் யாராவது உங்களைப் பார்த்துக் கூடுதல் மரியாதையோடு சிரிக்கிறார்களா? சிரிக்கவில்லையா? சரி, அப்படியே கையை நீட்டி உங்கள் வீட்டு டிவி ரிமோட்டை எடுங்கள்.

சரசரவென்று சத்தம் கேட்கிறதா?