ஆற்றுக்குப் பதினான்கு நாள் தனிமை

மனித குலம் ஆறுகளுக்கு அணை கட்டியிருக்கிறது, பாலம் கட்டியிருக்கிறது, பாட்டும் கட்டியிருக்கிறது. ஆனால் ஓர் ஆற்றைப் பிடித்துப் பதினான்கு நாள் 'தனிமையில்' வைத்த பெருமை எங்கள் ஆற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மட்டுமே உரியது. அந்த உத்தரவைத் தட்டச்சு செய்யும் பாக்கியம் என் பத்து விரல்களுக்கும் கிடைத்தது.

தொற்றுநோய் உச்சத்தில் இருந்த மழைக்காலம். அவரவர் வீட்டிலிருந்தே கணினித் திரையில் கூட்டம். இயக்குநர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் திரையைவிட்டுச் சற்றுப் பின்வாங்கினோம்.

"மேலே மூணு ஊர்ல நோய். அங்கேருந்து வர்ற லாரிக்குப் பதினாலு நாள். ஆட்டுக்குப் பதினாலு நாள். என் மாமியாருக்கே பதினாலு நாள்! அந்த மூணு ஊரையும் தொட்டுக்கிட்டு வர்ற ஆத்தை மட்டும் சும்மா விடலாமா?"

பொறியாளர் எழுந்து நின்று, இரு கையையும் ஆட்டி ஏதோ கத்தினார். அவருடைய மைக் அணைந்திருந்தது. 'பொறியாளர் உற்சாகத்துடன் வழிமொழிந்தார்' என்று குறித்துக்கொண்டேன்.

தினமும் புதுத் தண்ணீர் வருமே, நாட்களை எப்படி எண்ணுவது என்று சுகாதார அதிகாரி கேட்டார். நல்ல கேள்வி. முதலில் வந்த தண்ணீர்தான் 'நோயாளி', பின்னால் வருவதெல்லாம் 'பார்க்க வந்த உறவினர்' என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

அன்றே மதகின் கதவு இறக்கப்பட்டது. மதகுக்காரரிடம் காய்ச்சல் பார்க்கும் கருவி ஒன்றைக் கொடுத்து, காலையும் மாலையும் ஆற்றின் சூட்டைப் பார்த்து எனக்குப் போனில் சொல்லச் சொன்னோம்.

"தம்பி, எழுபத்தெட்டு காட்டுது."

இயக்குநரிடம் கேட்டுச் சொன்னேன். "ரொம்பக் குறைவாம் அண்ணே. ஆறு பலவீனமா இருக்காம். நல்லா ஓய்வெடுக்கட்டும்னார்."

"அது எங்க ஓய்வெடுக்குது? மூணடி ஏறிடுச்சு! கரை உடைஞ்சா கீழே எங்க தெருவுல நாப்பது வீடும் போயிடும். இப்பவே கொஞ்சம் கொஞ்சமா திறந்துவிட்டா தண்ணி ஆத்தோட போயிடும். திறக்கட்டுமா?"

"இன்னிக்கு எட்டாம் நாள்தானே அண்ணே."

அந்தத் தெருவில்தான் என் அக்காவும் இருக்கிறாள். பத்தாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"டேய், வெளியே வந்தா அபராதம்னு கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. மாமாவுக்கு எழுந்து நிக்கவே முடியலை. கரை கசியுதாம். நாங்க என்னடா பண்றது?"

"அக்கா, மாமாவும் தனிமையில இருக்கார், ஆறும் தனிமையில இருக்கு. ரெண்டு பேரும் ஒழுங்கா விதியை மதிச்சா சந்திக்கவே வழியில்லை."

போனை வைத்த பிறகு நாட்காட்டியில் மீதி நாட்களை இரண்டு முறை எண்ணினேன். இரண்டு முறையும் நான்குதான் வந்தது.

பதினோராம் நாள் விடிந்ததும், யாரையும் கேட்காமல், மதகுக்காரர் ஒற்றை ஆளாகச் சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் தூக்கிவிட்டார். அன்று முழுக்க அங்குலம் அங்குலமாக வெள்ளம் வடிந்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு வீடும் விழவில்லை.

நாற்பது வீடுகளைக் காத்ததற்காக இயக்குநருக்கு விருது அறிவிக்கப்பட்டது. மதகுக்காரருக்கு மெமோ. 'தனிமைக் காலம் முடிய மூன்று நாள் மீதமிருக்கையில் ஆற்றை விடுவித்தது ஏன்?' வாழ்த்தையும் மெமோவையும் அடித்தது நானே. மெமோவை நேரில் கொடுக்க வேண்டியதும் நானே.

மதகுக்காரர் வாசலில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டிலும் கட்டுப் போட்டிருந்தது. மெமோவைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஆத்துக்கு இருமல் நின்னுடுச்சு, அதான் வீட்டுக்கு அனுப்பிட்டேன்னு எழுதிக்குங்க தம்பி."

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மாமா கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, இவர் அந்த மூணு நாளும் பொறுத்திருந்தா, உங்க ஆபீஸ் காகிதத்தை எங்கே கொண்டுவந்து யார்கிட்டக் கொடுத்திருப்பே?"

இவ்வளவு வருட அனுபவத்தில் இதற்கா பதில் தெரியாது எனக்கு?

"கவலைப்படாதே அக்கா. 'விலாசத்தில் ஆள் இல்லை'ன்னு அதுக்குத் தனிப் படிவமே இருக்கு. எதிர்வீட்டுக்காரங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."